பல் மருத்துவரின் கழுத்து வலி

பல்வலி வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். நம் வாய்க்குள் குனிந்து பார்க்கும் அவருக்கும் வலி உண்டு என்று நீங்கள் எண்ணியதுண்டா?

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோகிராம். நிமிர்ந்திருக்கையில் அதை முதுகெலும்பு தாங்குகிறது. குனிந்தாலோ, கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். நீர்க்குடத்தை இடுப்பில் வைத்தால் எளிது. கையை நீட்டிப் பிடித்தால் கடினம் அல்லவா? 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் சுமை சுமார் 27 கிலோகிராம் என்கிறது 2014இல் வெளியான ஒரு கணக்கீடு.

அசையாமல் இறுகியிருக்கும் தசையில் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. பிராணவாயு குறைகிறது, தசை சோர்கிறது, வலி பிறக்கிறது.

நின்றே பணிபுரிந்த பல் மருத்துவர்கள், 1950களின் இறுதியில் நோயாளியைப் படுக்கவைக்கும் நாற்காலி வந்தபின் அமரத் தொடங்கினர். ஆனால் குனிவது ஓயவில்லை.

வழி என்ன? மருத்துவர் வளையாமல், நோயாளியின் வாயை அவரது முழங்கை உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேல்வரிசைப் பற்களைச் சிறு கண்ணாடியில் பார்க்கலாம். உதவியாளரின் இருக்கை சற்று உயரமாக இருந்தால், அவரும் எட்டிக் குனிய வேண்டியதில்லை. இடையிடையே தோள்களை அசைத்து ஓய்வு தரவேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. "தலையைச் சற்றுத் திருப்புங்கள்" என்று மருத்துவர் சொன்னால், தயங்காமல் திருப்புங்கள். நீங்கள் திரும்பும் அளவுக்கு அவர் கழுத்து வளையாமல் தப்பும்!