கற்பிட்டித் தண்ணீர்ப் பம்புக்கு ஏற்ற கேம்ஷாஃப்ட்

எஞ்சினின் வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரம் திறக்கும், எத்தனை நேரம் திறந்திருக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். முட்டை வடிவ மேடுகள் கொண்ட தண்டு அது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்றுத்தான் சுற்றும். இரண்டையும் அந்தக் கணக்கில் பிணைத்து வைப்பது டைமிங் செட். புத்தளம் கரையோரத்தில் இதன் மூன்று வகைகளையும் பார்க்கலாம்: தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பில் பல்சக்கரம், மோட்டார் சைக்கிளில் செயின், டொயோட்டா டொல்பின் வானில் பெல்ட். கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகின் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரைக் கழற்றினால் கேம்ஷாஃப்டே இராது. அங்கே துவாரங்களை மூடித் திறப்பது பிஸ்டன்.

கற்பிட்டி மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் ஆழமில்லாத கிணற்று நீரில் விளைகின்றன. மணல் நீரைப் பிடித்து வைக்காது. அதனால் பம்ப் ஓய்வதும் அரிது. இத்தகைய பம்புகளில் பரவலாக இருக்கும் எஞ்சின் வகைக்கு ஹொண்டா ஜிஎக்ஸ்160 நல்ல உதாரணம். இதே எஞ்சினைப் பந்தயக் கார்ட் ஓட்டுபவர்களும் வாங்குகிறார்கள். வால்வை அதிக உயரமும் அதிக நேரமும் திறக்கும் கேம்ஷாஃப்டை மாட்டி வேகம் எடுக்கிறார்கள். அந்தக் கேம் தோட்டத்துக்கு உதவாது. பம்பின் வேகத்தைக் கவர்னர் நிமிடத்துக்கு 3600 சுற்று அளவில் கட்டிப்போடுகிறது. உள்வால்வு தாமதமாக மூடினால், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். இழுவை குறையும், எரிபொருளும் வீணாகும். தோட்டத்துப் பம்புகள் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன; 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவிய நாட்டில் அது சின்ன விஷயமல்ல. பம்புக்குத் தொழிற்சாலை அளவிலான கேம்தான் சரி.

கேம் தேய்வதற்கு முக்கியக் காரணம் எண்ணெய். சூடேறாத எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது. மேடும் அதன்மேல் உரசும் டப்பெட்டும் நேருக்கு நேர் தேய்வது அதன் பிறகுதான். பெற்றோலில் தொடங்கிச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதன் நியாயம் இதுவே.

பழைய கேமைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பதைக் கண் மட்டும் சொல்லாது. மேட்டின் உயரத்தை மைக்ரோமீற்றரால் அளந்து, கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். மேட்டில் குழி விழுந்திருந்தால் அளக்கவே தேவையில்லை. புதிய கேம் என்றால் டப்பெட்டும் புதிது. பழைய டப்பெட் பழைய மேட்டோடு உரசி வாகாகியிருக்கும். புதிய மேட்டை அது விரைவில் தின்றுவிடும். ஜிஎக்ஸ்160 கேமில் எடையும் ஸ்பிரிங்கும் கொண்ட ஒரு சின்ன டிகம்ப்ரெஷர் உண்டு. தொடக்கத்தில் வெளிவால்வைச் சற்றே தூக்கிக் கயிறு இழுப்பதை இலகுவாக்குவது அது. கயிறு கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

பல்சக்கரத்தைக் கோக்கும்போது கேம் சக்கரத்திலும் கிராங்க் சக்கரத்திலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கேம் சக்கரத்தில் 40 பல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறுவது கேமில் 9 பாகை, கிராங்கில் 18 பாகை. எஞ்சின் ஓடலாம், ஓடும் விதமோ மூச்சிரைக்கும்.

செயின் வகையில் செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தேய்ந்த பற்சக்கரம் புதிய செயினையும் சீக்கிரம் இழுத்து நீட்டிவிடும். இரண்டு பற்சக்கரம், டென்ஷனர், செயின் எல்லாம் ஒரே செட்டாக வர வேண்டும். டொல்பின் வானின் 3எல் டீசல் எஞ்சினில் ஒரே பெல்ட் கேமையும் டீசல் பம்பையும் சேர்த்துச் சுழற்றுகிறது. 1,00,000 கி.மீ. ஆனதும் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது அந்த இடைக்காலத்தில் பலருக்கு இருந்த ஒரே வழி.

கடற்காற்றில் திறந்து வைத்த கேம் துரு ஏறும். மாட்டும் நாள்வரை எண்ணெய் பூசிப் பொதிந்து வைக்க வேண்டும். மாட்டும்போது மேடுகளில் எண்ணெய் தாராளமாக இட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தடுக்கினால் பலத்தால் சுற்றாமல் திரும்பப் பிரிப்பதே சரி. கடைசி வேலை வால்வு இடைவெளி: ஜிஎக்ஸ்160 பெற்றோல் எஞ்சினில், குளிர்ந்த நிலையில், உள்வால்வுக்கு 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ.