பொதி ஆளியிடல் வலையமைப்பில் நெரிசலும் தாமதமும்

மாணவர்களே, "பட்டையகலத்தைக் கூட்டினால் தாமதம் நீங்கும்", "வழிப்படுத்தியின் நினைவகத்தைப் பெரிதாக்கினால் நெரிசல் தீரும்" என்று விடை எழுதுவோர் பலர். இவற்றுள் முதலாவது அரைகுறையானது; இரண்டாவது பிழையானது. அதற்கான காரணத்தைப் படிப்படியாக நோக்குவோம்.

1. நெரிசல் ஏற்படும் விதம்

சுற்று ஆளியிடலில், பழைய தொலைபேசி அழைப்பைப் போல, பேசும் இருவருக்காக முழுப் பாதையும் ஒதுக்கப்படும். பொதி ஆளியிடலில் எவருக்கும் பாதை ஒதுக்கப்படுவதில்லை. தரவு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியும் பெறுநரின் முகவரியுடன் அனுப்பப்படும். வழிப்படுத்தியானது பொதியைப் பெற்று, வெளிச்செல்லும் இணைப்பு ஓய்வாக இருப்பின் உடனே அனுப்பும். இல்லையெனில் நினைவகத்தில் வரிசையில் வைக்கும். வரிசை நிரம்பிவிட்டால் பின்னர் வரும் பொதியைக் கைவிடும்.

உதாரணமாக, இரு இணைப்புகளிலிருந்து செக்கனுக்கு 8 மெகாபிற்று, 7 மெகாபிற்று வீதம் வரும் தரவு, 10 மெகாபிற்று வேகமுடைய ஒரே இணைப்பினூடாக வெளியேற வேண்டும் எனக் கொள்க. ஒவ்வொரு செக்கனிலும் 5 மெகாபிற்று மிஞ்சும். இம்மிகுதியே முதலில் தாமதமாகவும் பின்னர் பொதி இழப்பாகவும் வெளிப்படுகின்றது.

2. தாமதத்தின் நான்கு கூறுகள்

(அ) முறைவழியாக்கத் தாமதம்: வழிப்படுத்தி முகவரியைப் பார்த்துப் பாதையைத் தெரிவுசெய்ய எடுக்கும் நேரம்.
(ஆ) வரிசைத் தாமதம்: முன்னால் நிற்கும் பொதிகள் வெளியேறும்வரை காத்திருக்கும் நேரம்.
(இ) செலுத்துகைத் தாமதம்: பொதியின் எல்லாப் பிற்றுகளையும் இணைப்பினுள் செலுத்த எடுக்கும் நேரம். பொதியின் பருமனை இணைப்பின் வேகத்தால் வகுத்துப் பெறலாம்.
(ஈ) பரவல் தாமதம்: சைகை இணைப்பின் நீளத்தைக் கடக்க எடுக்கும் நேரம். தூரத்தைச் சைகையின் வேகத்தால் வகுத்துப் பெறலாம்.

கணிப்பு: 1500 பைற்றுப் பொதி ஒன்று, செக்கனுக்கு 10 மெகாபிற்று வேகமும் 400 கிலோமீற்றர் நீளமும் உடைய ஒளியிழை இணைப்பினூடாகச் செல்கின்றது. அதற்கு முன்னால் அதே பருமனுடைய 50 பொதிகள் வரிசையில் உள்ளன. ஒளியிழையில் சைகையின் வேகம் செக்கனுக்கு 2,00,000 கிலோமீற்றர் எனக் கொள்க.

செலுத்துகைத் தாமதம் = 12,000 ÷ 1,00,00,000 செக்கன் = 1.2 மில்லிசெக்கன்
பரவல் தாமதம் = 400 ÷ 2,00,000 செக்கன் = 2 மில்லிசெக்கன்
வரிசைத் தாமதம் = 50 × 1.2 = 60 மில்லிசெக்கன்
மொத்தம் (முறைவழியாக்கத் தாமதம் புறக்கணிக்கப்படின்) = 63.2 மில்லிசெக்கன்

இணைப்பின் வேகத்தை இருமடங்காக்கினால் செலுத்துகைத் தாமதமும் வரிசைத் தாமதமும் பாதியாகும். பரவல் தாமதமோ 2 மில்லிசெக்கனாகவே இருக்கும். எனவேதான் முதலாவது விடை அரைகுறையானது என்றோம்.

கவனிக்க: நான்கு கூறுகளுள் கணத்துக்குக் கணம் பெரிதும் மாறுவது வரிசைத் தாமதமாகும். நெரிசலை முகாமை செய்தல் என்பது பெரும்பாலும் இவ்வரிசையை முகாமை செய்தலே.

3. 1986இல் நிகழ்ந்த நெரிசற் சரிவு

1986 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தரவுப் பாய்ச்சல், செக்கனுக்கு 32,000 பிற்றிலிருந்து 40 பிற்றாக வீழ்ந்தது. இது 800 மடங்கு வீழ்ச்சியாகும். இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 400 யார் மட்டுமே. 2000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தை, எழுத்துக்கு 8 பிற்று வீதம், முன்னர் அரைச் செக்கனில் அனுப்ப முடிந்தது. இப்போது 400 செக்கன் தேவைப்பட்டது. அந்தத் தாளைக் கையில் எடுத்து நடந்து சென்றிருந்தால் அதற்கு முன்னரே கொடுத்திருக்கலாம்!

இணைப்பு அறுந்ததால் இது நிகழவில்லை. பெற்றமைக்கான அறிவித்தல் குறித்த நேரத்துள் வராவிடின், பொதி தொலைந்தது எனக் கருதி அனுப்புநர் அதனை மீண்டும் அனுப்புவார். ஆனால் முதற்பொதி தொலையாமல் எங்கோ வரிசையில் காத்திருந்திருக்கலாம். மீளனுப்பிய பிரதியும் அதே வரிசையில் சேரும். வரிசை நீளும், அறிவித்தல் மேலும் பிந்தும், மேலும் பிரதிகள் அனுப்பப்படும். இணைப்புகள் ஓய்வின்றி இயங்கியபோதிலும் பயனுள்ள தரவு மிகச் சொற்பமே போய்ச் சேரும். இதுவே நெரிசற் சரிவு எனப்படும். இவ்வாறு நிகழக்கூடும் என ஜோன் நாகல் 1984இலேயே எச்சரித்திருந்தார்.

4. தீர்வு: அனுப்புநர் வேகத்தைக் குறைத்தல்

வன் ஜேக்கப்சன், மைக்கல் கரெல்ஸ் ஆகியோர் முன்வைத்து, 1988இல் வெளியிடப்பட்ட தீர்வு ரி.சி.பி. நெறிமுறையில் சேர்க்கப்பட்டது. இதன்படி, அறிவித்தல் கிடைக்குமுன் அனுப்பக்கூடிய பொதிகளின் எண்ணிக்கையை அனுப்புநரே கட்டுப்படுத்துவார். இவ்வெல்லை நெரிசல் சாளரம் எனப்படும்.

(i) மெதுவான ஆரம்பம்: சாளரம் 1இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காகும்: 1, 2, 4, 8, 16.
(ii) நெரிசல் தவிர்ப்பு: எல்லைப் பெறுமானத்தை (இங்கு 16) அடைந்தபின் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றால் மட்டும் கூடும்: 17, 18, 19, 20.
(iii) இழப்பின்போது: சாளரம் 20ஆக உள்ளபோது காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டால், எல்லைப் பெறுமானம் 10ஆகும், சாளரம் மீண்டும் 1இல் தொடங்கும்.

கூட்டும்போது ஒவ்வொன்றாகவும் குறைக்கும்போது பாதியாகவும் மாற்றுவதைக் கவனியுங்கள். ஏறுவது மெதுவாக, இறங்குவது விரைவாக. பலர் ஒரே இணைப்பைப் பயன்படுத்தும்போது, அது சரிவடையாமல் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படுவதற்கு இதுவே காரணம். இதனை மேற்பார்வை செய்ய மத்திய அதிகாரி எவரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானே விட்டுக்கொடுப்பதாலேயே இணையம் இயங்குகின்றது. இன்று பயன்பாட்டிலுள்ள புதிய முறைகள் கூட்டும், குறைக்கும் அளவுகளில் வேறுபடினும், நெரிசலைக் கண்டு வேகத்தைத் தணித்தல் என்னும் கருத்து மாறவில்லை.

5. பெரிய நினைவகம் ஏன் தீர்வாகாது?

மேற்படி கணிப்பில் வரிசையில் 1000 பொதிகள் நிற்குமாயின் வரிசைத் தாமதம் 1.2 செக்கனாகும். பொதி கைவிடப்படாததால் அனுப்புநருக்கு நெரிசல் இருப்பதே தெரியாது; அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். கோப்பு இறக்குவோருக்கு இது பெரிதாகத் தோன்றாது. குரல் உரையாடலிலோ ஒவ்வொரு மறுமொழியும் ஒரு செக்கனுக்கு மேல் பிந்தி வரும், உரையாடலே குழம்பிவிடும்.

ஆகவே வரிசை நிரம்பும் வரை காத்திராமல் முன்கூட்டியே சில பொதிகளைக் கைவிடும் முறை 1993இல் முன்மொழியப்பட்டது. பொதியைக் கைவிடாமல் அதில் நெரிசல் அடையாளம் இடும் முறை 2001இல் நியமமாக்கப்பட்டது. காலத்தோடு கைவிடப்படும் ஒரு பொதி வீணான இழப்பன்று. அனுப்புநருக்கு விடுக்கப்படும் அறிவித்தலாகும்.

6. பரீட்சை நோக்கில்

வினா 1: பாய்ச்சற் கட்டுப்பாட்டுக்கும் நெரிசற் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான வேறுபாடு யாது?
விடை: முன்னையது பெறுநரின் கொள்ளளவை மீறாது காப்பது, பின்னையது இடையிலுள்ள வலையமைப்பின் கொள்ளளவை மீறாது காப்பது. அனுப்புநர் இவ்விரு எல்லைகளுள் சிறியதைப் பின்பற்றுவார்.

வினா 2: மேலே 4இல் தந்த உதாரணத்தில், இழப்பின் பின்னரான முதல் ஆறு சுற்றுகளில் சாளரத்தின் பெறுமானங்களை எழுதுக.
விடை: 1, 2, 4, 8, 10, 11. (எட்டின் இருமடங்கு 16 ஆயினும் எல்லைப் பெறுமானம் 10 என்பதை மறவாதீர்கள்.)

வினா 3: இணைப்புகள் முழுமையாக இயங்கியும் பயனுள்ள தரவுப் பாய்ச்சல் குறையலாம். விளக்குக.
இதற்கான விடையைப் பகுதி 3இன் துணையுடன் நான்கு வசனங்களில் நீங்களே எழுதிப் பாருங்கள். "மீளனுப்பல்", "வரிசை" என்னும் இரு சொற்களும் உங்கள் விடையில் இடம்பெறல் வேண்டும்.