ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் வழியில் ஏதாவது ஒரு பட்டாசு ஆலையை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். ஒரே பெரிய கட்டடமாக இருக்காது. விலகி விலகி நிற்கும் சின்ன அறைகள், நடுவே வெறும் தரை, அங்கங்கே வேம்பு. ஓர் அறை வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காகச் சட்டம் விடச் சொன்ன இடைவெளி அது. இந்தக் கந்தக பூமியில் தோட்டக்கலைக் கல்லூரி கட்டுகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டு வரைபடம் போடலாம். ஆபத்துக்கு விட்ட இடைவெளியை நிழலுக்கு விட்டால் போதும்.

தோட்டக்கலைப் படிப்பு என்றால் தென்மாவட்டத்தில் எல்லோரும் சொல்வது பெரியகுளத்தைத்தான். 1990-இல் கல்லூரியான இடம்; விதை போட்டு வளர்க்கும் பி.கே.எம்.1 முருங்கை அங்கிருந்துதான் உலகம் சுற்றியது. விருதுநகர் மாவட்டத்திலேயே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் தோட்டக்கலைப் பட்டம் தருகிறது. இரண்டும் மலையடிவாரம். அங்கிருந்து கிழக்கே சாத்தூர் வந்துவிட்டால் கதை வேறு: மானாவாரி, கரிசல், பல கிணறுகளில் சவர்த்தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்த்துவிடும். ஓர் ஏக்கரில் விழுவது 32 லட்சம் லிட்டர். அதே ஏக்கரில் முதல்வர் அறைக்கு முன்னால் அழகுக்குப் புல்தரை போடுகிறீர்கள் என்று வையுங்கள். வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால், மழையில்லாத ஆறு மாதத்துக்கே 36 லட்சம் லிட்டர் வேண்டும். வானம் கொடுத்தது அத்தனையையும் புல்லுக்கு ஊற்றி, இன்னும் 4 லட்சம் கடன்!

ஆகவே வளாகத்தை வாசலிலிருந்து வரையக் கூடாது; தாழ்ந்த மூலையிலிருந்து வரைய வேண்டும். தண்ணீர் தானாகப் போய்ச் சேரும் இடத்தில் ஊருணி. அதற்கு வரத்துக்கால், மிஞ்சியது பக்கத்துக் கண்மாய்க்குப் போகக் கலிங்கல். கட்டடங்கள் மேட்டில். ஆயிரம் சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றே ஆண்டுக்கு 8 லட்சம் லிட்டர் தரும். சவர்க் கிணற்றை நம்பியிருக்கும் நாற்றங்காலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

கரிசலில் கட்டடம் எழுப்புவது தனிப் பாடு. மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண், சுவரையும் சேர்த்துப் பிளக்கும். ஆழமாகத் துளையிட்டு, அடியில் குமிழ்போல் அகலவிட்டு நிறுத்தும் தூண் அடித்தளம் இதற்கென்றே வந்தது. அதற்குச் செலவு கூடும் என்று முகம் சுளிக்கிறவர்கள் பத்து வருஷம் கழித்து விரிசலுக்குப் பூசிக்கொண்டிருப்பார்கள். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் மேல்வெயில் குறுகிய சுவரில்தான் படும். அங்கே ஒரு புளியையோ வேம்பையோ நிறுத்திவிடலாம்.

பாடம்? கோவில்பட்டியில் 1901 முதல் மானாவாரி ஆராய்ச்சி நடக்கிறது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் ஏ.பி.கே.1 என்று ஒரு சீத்தாவையே கொடுத்திருக்கிறது. ஐந்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 160 சீத்தா நிற்கும்.

எனக்குப் பிடித்த ஆசிரியர் இலந்தைதான். அதன் ஆணிவேரைத் தொந்தரவு செய்யக் கூடாது. காட்டிலந்தைக் கொட்டையைக் குழியிலேயே ஊன்றி, வளர்ந்த செடியில் நல்ல ரகத்தின் மொட்டைக் கட்டுவார்கள். கோடையில் மரம் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். அப்போது கவாத்து செய்தால், புதுத் தளிரில்தான் பூ. தண்ணீர் இல்லாத மாதத்தில் தண்ணீர் கேட்காத மரம்! புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் இதை, மாணவி ஒரு வருஷம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கவாத்தும் ஊருணி தூர்வாருதலும் வரும் கோடையில்தான் கல்லூரிக்கு விடுமுறை. எடுத்த கரம்பையைச் செவல் தோட்டத்துக்கு அடிக்கிற வேலையும் அப்போதுதான். விடுமுறையைக் கார்த்திகை அடைமழைக்குத் தள்ளிவிடலாம் என்றால், தண்ணீர் ஓடுவதைப் பார்க்கப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஒரு வசதி மட்டும் உண்டு: சேர்க்கை முடிந்து முதலாண்டு மாணவர்கள் வந்து உட்காரும்போது, ஐப்பசிக்குச் சில வாரங்கள்தான் இருக்கும். மண்வெட்டியோடு அவர்களை வரத்துக்காலுக்குக் கூட்டிப்போகச் சரியான நேரம்.