நெஞ்சினுள் ஒரு காவலன்

பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றின்போது, எம்மினும் மிக மூத்த ஒருவர் தம் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் வையாது வேட்டி மடிப்பிற் செருகியிருந்ததையும், அழைப்பு வந்தவிடத்து அதனை வலச் செவியிலேயே வைத்துப் பேசியதையும் மாணவர் சிலர் கண்டு, காரணம் யாதென எம்மை வினவினர். அப்பெரியாரின் இடப்புறக் காறையெலும்பின் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் எனப்படும் இருதயத் துடிப்பாக்கி வைக்கப்பட்டுள்ளது. தொலைபேசியின் காந்தமும் மின்காந்த அலைகளும் அதனைக் குழப்பாதிருத்தற்பொருட்டு ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் இடைவெளி பேணுமாறு வைத்தியர் கூறுவர். அன்று மாணவர்க்குச் சுருங்கக் கூறியதை இம்மலரிற் சிறிது விரித்து எழுதுகின்றோம். யாம் வைத்தியரல்லேம், தமிழாசிரியரே. கேட்டும் கற்றும் அறிந்தவற்றையே கூறுகின்றோம்.

இருதயத்தின் வலது மேலறையில், தானாகவே மின்றுடிப்பை எழுப்பும் சிறு இழையக் கூட்டமொன்று உண்டு. அங்கெழும் துடிப்பு ஒரு குறுகிய வழியாகக் கீழறைகளைச் சென்றடையும். அவ்வழி முற்றாகத் தடைப்படின், கீழறைகள் தம்போக்கில் நிமிடத்துக்கு 30 அல்லது 40 தடவை மாத்திரம் துடிக்கும்; சிலவேளை சிறிது நேரம் நின்றும் விடும். அப்பொழுது மூளைக்குக் குருதி செல்லாமையால் நோயாளி மயங்கி வீழ்வார். நின்றது மீளாவிடின் உயிரும் மீளாது.

இக்குறையைப் போக்க முதலிற் செய்யப்பட்ட கருவிகள் சுவரிலுள்ள மின்னிணைப்பை நம்பியிருந்தன. 1957 ஒற்றோபர் 31 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அதன்பின் அங்கு பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் லிலிஹை, ஏள் பக்கன் என்னும் கருவித் திருத்துநரிடம் மின்கலத்தால் இயங்கும் கருவியொன்று வேண்டுமென்றார். சங்கீதம் பயில்வோர்க்குத் தாளம் காட்டும் மின்கருவியொன்றின் சுற்றுப்படத்தைச் சஞ்சிகையிற் கண்டிருந்த பக்கன், அதனையே மாற்றியமைத்துச் சில வாரங்களில் ஒரு சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார். தாளக்கருவி உயிர்க்கருவியாயிற்று. ஆயினும் பெட்டி உடலின் வெளியேதான் இருந்தது.

மறு ஆண்டு சுவீடனில் இதனினும் துணிவான செயல் நிகழ்ந்தது. ஆர்ண லார்சன் என்பார்க்கு அப்பொழுது வயது 43. நாளொன்றுக்கு இருபது முப்பது முறை மயங்கி வீழ்ந்து மீட்கப்பட்டுவந்தார். அவர் மனைவியார், வைத்தியர் சென்னிங்கையும் பொறியியலாளர் எல்ம்குவிஸ்ற்றையும் நாடிச் சென்று, உடலுள்ளே வைக்கத்தக்க கருவி வேண்டுமென விடாது வற்புறுத்தினார். அத்தகைய கருவி அவர்களிடம் இருக்கவில்லை, அம்மையார் விட்டாருமிலர். எல்ம்குவிஸ்ற், இரண்டு திரான்சிஸ்ரர்களையும் சிறு மின்கலத்தையும் பிசினுட் பொதிந்து வார்த்தெடுத்தார். வார்ப்பச்சாக உதவியது சப்பாத்துப் பொலிஷ் அடைக்கும் தகரப்பேணி! 1958 ஒற்றோபர் 8 இல் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் அது பொருத்தப்பட்டது. சில மணி நேரத்திற் செயலிழந்தது. உடனே வைக்கப்பட்ட இரண்டாவது கருவியும் நெடுநாள் உழைக்கவில்லை. லார்சனோ அதன்பின்னும் 43 ஆண்டுகள் வாழ்ந்து, 26 கருவிகளைக் கண்டு, 2001 இற் புற்றுநோயாற் காலமானார். எல்ம்குவிஸ்ற்றும் சென்னிங்கும் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டனர்.

துடிப்பாக்கி சிறுத்துவந்தமையே அதன் பெரும் வளர்ச்சியெனப் பலரும் கூறுவர். அது கேட்கக் கற்றுக்கொண்டதே பெரிதென்பது எம் கருத்து. தொடக்கக் கருவிகள் இருதயம் என் செய்கின்றதென அறியாமலே ஓயாது மின்விசையைச் செலுத்தின. இருதயம் தானே துடித்த வேளையில் அவ்விசை தகாத கணத்தில் வந்து வீழின், உயிர்க்கே ஊறு நேரலாம். 1960 களில் வந்த புதுவகைக் கருவி, முதலில் இருதயத்தின் மின்குறியைக் கேட்கும். துடிப்பு வரின் வாளாவிருக்கும். வாராவிடின் மாத்திரம் தான் துடிப்பைத் தரும். பின்னர் உடலசைவை உணரும் ஆற்றலும் சேர்ந்தது. ஆகவே அணிந்தவர் படியேறும்போது துடிப்பும் விரைவுறும். நாடி பார்த்தல் என்கின்றோம். நாடியென்னும் பெயர்ச்சொல் குருதித் துடிப்பைக் குறிக்க, வினையாக வரும் நாடி என்பதோ ஆராய்ந்து என்று பொருள்படும். இக்கருவி இரண்டையும் ஒருங்கே செய்கின்றது.

1972 இல் லிதியம் மின்கலம் வந்தபின், இரண்டோராண்டில் ஓய்ந்த கருவிகள் பத்தாண்டளவும் உழைக்கலாயின. கம்பியே இல்லாது, தொடையிலுள்ள பெருநாளம் வழியாக இருதயத்தின் உள்ளேயே கொண்டுபோய் வைக்கப்படும் கருவியொன்று 2013 இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பொருத்தப்பட்டது; அதன் நிறை ஏறக்குறைய 2 கிராம். இன்று பல கருவிகள், படுக்கையருகே வைத்த சிறு பெட்டிமூலம் தாம் கேட்டவற்றை வைத்தியசாலைக்கு அனுப்புகின்றன. நோயாளி உறங்கும்போது நேர்ந்த தாளப்பிழையை வைத்தியர் காலையில் வாசிக்கின்றார்.

செய்தி போகும் வழியாகப் பகையும் புகலாமன்றோ? 2017 இல் ஐக்கிய அமெரிக்காவில், ஏறக்குறைய 465,000 துடிப்பாக்கிகளின் கட்டளைகளைப் பிறர் மாற்றக்கூடுமென அறியப்பட்டு, அவற்றின் மென்பொருளைத் திருத்துமாறு அரசு அறிவித்தது. கத்தி வேண்டியிருக்கவில்லை; வைத்தியசாலையில் மூன்று நிமிட வேலையே.

எரியூட்டும் வழக்கமுடைய நம்மவர் அறியவேண்டியது பிறிதொன்றுண்டு. துடிப்பாக்கி உடலில் இருக்கத் தீமூட்டின், வெப்பத்தால் மின்கலம் வெடிக்கும். 1976 இல் இங்கிலாந்தின் சொலிகள் நகரிலுள்ள தகனசாலையில் அவ்வாறு நிகழ்ந்தது. ஆகவே உயிர் நீங்கியபின், சுடலைக்குக் கொண்டுசெல்லுமுன், அதனை எடுத்தல் வேண்டும். எடுப்பது சிறிய வேலை. துக்கவீட்டு ஆரவாரத்தில் அதனை நினைவூட்டுவார் ஒருவர் வேண்டும். அங்ஙனம் எடுத்தவை வீணாவதுமில்லை. மொன்றியால் இருதய நிலையத்தார், இறந்தோரிடமிருந்து பெற்ற துடிப்பாக்கி முதலிய கருவிகளைத் தூய்மைசெய்து, பொருள்வசதி குன்றிய நாடுகளில் 1,051 பேர்க்குப் பொருத்துவித்து, இரண்டாண்டு கவனித்து, புதிய கருவிகளை நோக்கக் கிருமித்தொற்று குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லையென 2020 இல் வெளியிட்டனர்.

இதனை எழுதுமுன் அப்பெரியாரிடம் படித்துக் காட்டினேம். “மோதிரத்தைக் கழற்றேக்கை இதையும் கழற்றச் சொல்லடா தம்பி எண்டு மகனிட்டை எப்பவோ சொல்லிப்போட்டன் மாஸ்ரர்,” என்று அவர் சிரித்தார்.