நாலு பேர் என்ன சொல்வார்கள்?

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பது தமிழர் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா. மகளை மேற்படிப்புக்காக வெளியூருக்கு அனுப்பும்போதும், கணவனை இழந்த இளம்பெண்ணின் மறுமணத்தைப் பற்றிப் பேச்செழும்போதும், சக்திக்கு மீறிய சீதனம் கொடுப்பதில்லை என்று ஒரு தந்தை தீர்மானிக்கும்போதும் இவ்வினா குறுக்கே வந்து நிற்கிறது. அந்த நால்வர் யாவர் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும், அவர்தம் முகச்சுளிப்புக்கு அஞ்சி வாழ்க்கையின் போக்கையே மாற்றிக்கொண்டோர் பலர்.

இவ்வச்சத்தைக் கோழைமை என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. குழந்தை நன்மை தீமைகளைப் பெரும்பாலும் தாய் தந்தையரின் முகக்குறிப்பிலிருந்தே அறியத் தொடங்குகிறது. பிறருடைய துணையின்றி வாழ இயலாத மனிதனுக்கு அவர்களுடைய பழிப்பு பாரமாகத் தோன்றுவது இயல்பே. அப்பாரம் எத்துணை வலியது என்பதே ஆராயத்தக்கது.

வார்சா நகரில் 1907இல் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய சொலமன் ஆஷ் என்னும் உளநூலறிஞர், 1950களில் இதனை ஓர் எளிய சோதனையால் அளந்து காட்டினார். கல்லூரி மாணவர் சிலரை ஒருங்கே இருத்தி, ஓர் அட்டையில் ஒரு கோட்டையும், மற்றோர் அட்டையில் நீளத்தில் வேறுபட்ட மூன்று கோடுகளையும் காட்டினார். அம்மூன்றனுள் முதற்கோட்டுக்குச் சமமானது எது என்பதே கேள்வி. ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும், குறித்த சில வேளைகளில் ஒரே பிழையான விடையைக் கூறும்படி முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். இதனை அறியாத அந்த ஒருவர், பிறர் விடைகளைக் கேட்ட பின்னரே தம் விடையைச் சொல்ல வேண்டியிருந்தது.

தனித்திருந்து விடை கூறியோர் நூற்றில் ஒரு முறைகூடத் தவறவில்லை. கூட்டத்தின் நடுவிலோ, விடைகளில் ஏறத்தாழ 37 வீதம் கூட்டத்தின் பிழையையே பின்பற்றின. அவர்களை எவரும் மிரட்டவில்லை. தண்டனை எதுவும் இருக்கவில்லை. பின்னர் வினவியபோது, தம் கண்ணே பிழைத்தது போலும் என்று எண்ணியதாகச் சிலர் கூறினர். உண்மை தெரிந்திருந்தும், தனித்து நிற்க மனமின்றி அவ்வாறு சொன்னதாக வேறு சிலர் ஒப்புக்கொண்டனர். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் மாத்திரமே இறுதிவரை ஒரு முறையும் இணங்காது நின்றனர்.

எதிர்ப்போரின் தொகையையும் ஆஷ் மாற்றிப் பார்த்தார். ஒருவர் மறுத்தபோது விடை பெரிதும் மாறவில்லை. இருவர் மறுத்தபோது இணக்கம் 14 வீதமளவுக்கு உயர்ந்தது. மூவரானபோது 32 வீதமளவை எட்டியது. அதற்குமேல் எத்தனை பேரைச் சேர்த்தும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஊர் முழுவதும் திரண்டு வரவேண்டியதில்லை. ஒருவரைத் தடுமாறச் செய்வதற்கு நாலு பேர்கூட வேண்டியதில்லை!

இன்னொன்றும் புலனாயிற்று. அக்கூட்டத்தில் வேறொருவரும் உண்மையைச் சொன்னபோது, பிழைக்கு இணங்குவது முன்னிருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. தனித்து நின்றவருக்கு வேண்டியிருந்தது பெருங்கூட்டத்தின் ஆதரவன்று, ஒரேயொரு குரலே.

பழிப்பு முற்றிலும் தீயதன்று. கையூட்டு வாங்குவோனையும் மனைவியைத் துன்புறுத்துவோனையும் கண்டு சமூகம் முகஞ்சுளிக்கத்தான் வேண்டும். இடித்துரைக்கும் துணையில்லாத மன்னன், பகைவர் இல்லாவிடினும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. ஆனால், இடித்துரைப்பவர் குற்றம் இன்னதென்று நேரிற் சொல்கிறார், திருந்தியபின் ஏற்றுக்கொள்கிறார். காரணம் கூறாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கூட்டமோ திருந்துவதற்கு வழிகாட்டுவதில்லை. மறுமணம் செய்த பெண் எதனைத் திருத்திக்கொள்வது?

நாலு பேருக்கு அஞ்சுபவர் ஒவ்வொருவரும் வேறொருவர் அஞ்சும் நாலு பேரில் ஒருவராகவும் இருக்கின்றார். அயல்வீட்டுப் பெண்ணைப் பற்றி ஊர் முணுமுணுக்கும்போது, "அவள் செய்ததில் பிழை என்ன?" என்று அவர் கேட்டாலே போதும், அப்பெண் தனித்தவள் அல்லள்.