உறுதியான கல்லும் உடையும்!

உத்திரமேரூர் வட்டாரத்துச் சாலைகளில், கல் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் லாரிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த ஜல்லியைப் பரப்பித்தான் சாலைக்கு அடித்தளம் போடுகிறார்கள். கருங்கல் மிக உறுதியானது. அப்படியிருக்க, சில சாலைகள் மழைக்குப் பின் பள்ளமாகிவிடுவது ஏன்? அடியிலுள்ள மண் இளகுவது ஒரு காரணம். மற்றொரு காரணம் ஜல்லிக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு வாளி நிறைய ஒரே அளவான ஜல்லியைப் போட்டு, மேல்மட்டம் வரை நீர் ஊற்றுங்கள். வாளியின் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவான நீர் உள்ளே போய்விடும். அவ்வளவும் கற்களுக்கிடையே இருந்த வெற்றிடம்! நீரை வடித்துவிட்டு வாளியைக் குலுக்குங்கள். கற்கள் புரண்டு இடுக்குகளில் அமர, மட்டம் இறங்கும்.

பெரும் பாரம் ஏறினால் வேறொன்றும் நடக்கும். உடைத்த கல்லுக்குக் கூரிய முனைகள் உண்டு. அம்முனைகளில்தான் கற்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? லாரியின் பாரம் அச்சிறு முனைகளின் வழியே இறங்குவதால் அவை நொறுங்குகின்றன. கற்கள் மேலும் தாழ்கின்றன.

நீர் இதை விரைவாக்கும். கல்லிலுள்ள நுண்ணிய வெடிப்புகளில் நீர் புகுந்தால், குறைந்த விசையிலேயே வெடிப்பு வளரும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் காக்ஸ்வெல் அணை உலர்ந்த கற்களைக் கொட்டி எழுப்பப்பட்டது. 1933-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் அக்கற்குவியல் பல அடி தாழ்ந்துவிட்டது.

இதற்கு ஒரு சோதனை செய்து பார்ப்போமா? ஒரு தம்ளரில் அரிசிப் பொரியை நிரப்பி, உள்ளே இறங்கக்கூடிய மூடியை வைத்து, அதன்மேல் ஓர் எடைக்கல்லை வையுங்கள். ஓரமாகச் சிறிது நீர் விடுங்கள். பொரி நனைந்து நொறுங்க, எடைக்கல் இறங்கும். 2018-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாரம் ஏற்றிய பொரியில் பாலைச் செலுத்தி இதை ஆராய்ந்தார்கள். பொரி சத்தத்துடன் விட்டுவிட்டுத் தாழ்ந்தது. நேரமாக ஆக இடைவெளி நீண்டது. கல் அணைகள் தாழும் விதத்தை அறிய இது உதவும் என்பது அவர்கள் கருத்து.

ஆகவே பொறியாளர்கள் முதலில் கல்லைச் சோதிக்கிறார்கள். சுமார் 14 கிலோ சம்மட்டியை 38 செ.மீ. உயரத்திலிருந்து 15 முறை ஜல்லியின்மேல் விழச்செய்து, 2.36 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள். கீழே விழும் தூள் 30 விழுக்காட்டுக்கு மேற்பட்டால், அக்கல் சாலையின் மேற்பரப்புக்கு ஆகாது.

பிறகு ஜல்லியைச் சுமார் 10 செ.மீ. கனத்தில் பரப்பி, ரோலர் ஓட்டி ஏறத்தாழ 7.5 செ.மீ. ஆக இறுக்குவார்கள். இடுக்குகள் நிரம்பச் சிறுகல் தூவி, நீர் தெளித்து, மீண்டும் ரோலர் ஓட்டுவார்கள். அளவுக்கு மீறி ஓட்டினாலோ நல்ல ஜல்லியும் தூளாகிவிடும்!

உங்கள் ஊரில் சாலை போடும்போது சென்று பாருங்கள். ஜல்லியின் கனம் என்ன? ரோலரும் தண்ணீர் லாரியும் வந்தனவா? ரோலர் செய்யாமல் விட்ட வேலையைப் பின்னால் மழையும் லாரிகளும் செய்யும். அப்போது பள்ளத்தில் இறங்கி ஏறப்போவது உங்கள் சைக்கிள்தான்!