ஓதம் ஏறிய ஆறு

பிரான்ஸின் பாயூ நகருக்குரிய பூத்தையல் துணி உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், 11ஆம் நூற்றாண்டு வேலை. அதில் ஓரிடத்தில் ஒரு மண்மேடும் அதன்மேல் ஒரு மரக்கோட்டையும் வருகின்றன. கீழே நிற்பவர்கள் தீப்பந்தத்தால் வேலிக்கு நெருப்பு வைக்கிறார்கள். உள்ளேயிருந்து பிரிட்டானியின் கோமகன் கோனான், கோட்டைச் சாவியை ஈட்டி முனையில் மாட்டி நீட்டுகிறான். நார்மண்டி வில்லியத்தின் தரப்பு அதை இன்னோர் ஈட்டி முனையில் வாங்கிக்கொள்கிறது. 1066இல் இங்கிலாந்தை வெல்வதற்கு முன் வில்லியம் பணியவைத்த அந்த ஊர்தான் தினான்.

பிரான்ஸின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டானியில், ரான்ஸ் ஆற்றின் மேல் நிற்கிறது தினான். 'ஆற்றின் மேல்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஊர் குன்றின் உச்சியில். ஆறும் படகுத்துறையும் 75 மீட்டர் கீழே. நடுவே ஒரே ஒரு பழைய பாதை. பெரும்பாலான பயணிகள் மேலே வண்டியை நிறுத்தி, மரச்சட்ட வீடுகளைப் படமெடுத்து, பக்வீட் மாவில் கல்லில் வார்த்த 'கலெத்' ஒன்றைச் சாப்பிட்டு, மாலைக்குள் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. தினானைக் கீழிருந்து, ஆற்றிலிருந்து ஏறித்தான் பார்க்க வேண்டும். அந்த ஊரை உண்டாக்கியதே அந்த ஆற்றில் ஏறிவந்த கடல் ஓதம்.

கற்பாலத்தருகே தொடங்குகிறது ஏற்றம். முதல் பாதிக்குப் பெத்தி ஃபோர் தெரு என்றும், மதில் வாசலைத் தாண்டியபின் ஜெர்ஜுவால் தெரு என்றும் பெயர். கால் வைத்த சில நிமிடங்களிலேயே கெண்டைச் சதை இழுக்கத் தொடங்கிவிடும். தரையில் பதித்த கற்கள் பல நூறு ஆண்டு நடையில் வழவழத்துப் போயிருக்கின்றன. மழை பெய்தால் சுவரைப் பிடித்தபடிதான் இறங்க முடியும். பிரிட்டானியில் மழை அடிக்கடி பெய்யும்.

இரு பக்கமும் வீடுகளின் கீழ்த்தளம் கருங்கல், மேல்தளங்கள் மரச்சட்டமும் பூச்சும். ஒவ்வொரு தளமும் தனக்குக் கீழுள்ளதைவிடச் சற்றே வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. சில கடைகளின் முகப்பில் சுவரோடு சேர்ந்த கல்திண்ணை ஒன்று இடுப்பளவு உயரத்தில் நீண்டிருக்கிறது. அந்தக் காலத்து வணிகன் துணியையும் தோலையும் அதன்மேல்தான் பரப்பினான். கையால் தடவிப் பார்த்தேன். விளிம்பு மழுங்கி, நடுவில் குழிந்திருந்தது. அங்கே எத்தனை பேரம் நடந்திருக்கும்! பாதி வழியில் வரும் 'ஆளுநர் மாளிகை' 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கே நின்று மூச்சு வாங்காதவர் குறைவு.

இந்தத் தெருவில் நெசவாளர்களும் தோல் பதனிடுவோரும் வாழ்ந்தார்கள். தோலுக்கு ஆற்றுநீர் வேண்டும். கப்பல் பாய்க்கான முரட்டுத் துணிக்குக் கடல்வழி வேண்டும். இரண்டையும் ரான்ஸ் கொடுத்தது. ஓதம் ஏறும்போது சிறு கப்பல்கள் உப்பும் ஒயினும் ஏற்றிக்கொண்டு தினான் துறைக்கு வரும். இறங்கும்போது துணியோடும் தோலோடும் திரும்பும். ஊருக்குள் வரும் சுமை எல்லாம் இந்த ஏற்றத்தில்தான் ஏறியது.

1852இல் எல்லாம் மாறியது. எதிர்க்கரையிலுள்ள லான்வாலேயிலிருந்து நேராக மேலூருக்கு, ஆற்றிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் பத்து வளைவுகள் கொண்ட பெரிய பாலம் எழுந்தது. வண்டிகள் அதில் போயின. ஜெர்ஜுவால் ஒரே ஆண்டில் முக்கியச் சாலையாக இருந்த நிலையை இழந்தது. அதனால்தான் அது பிழைத்தது என்பது என் எண்ணம். போக்குவரத்து அங்கேயே தொடர்ந்திருந்தால் தெருவை அகலப்படுத்த எல்லா வீடுகளையும் இடித்திருப்பார்கள். இன்று அந்தக் கடைகளில் கண்ணாடி ஊதுவோரும் மரம் செதுக்குவோரும் ஓவியர்களும் வேலை செய்கிறார்கள்.

மேலூரைச் சுற்றி இன்னமும் சுமார் 2.7 கிலோமீட்டர் மதில் நிற்கிறது. பெரும்பகுதியில் மேலேறி நடக்கலாம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோமகன் நான்காம் ழான் கட்டிய 34 மீட்டர் உயரக் கோட்டைக் கோபுரம் மதிலோடு சேர்ந்தே இருக்கிறது. மணிக்கூண்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள். அதிலுள்ள பெரிய மணியை 1507இல் ஊருக்கு அளித்தவர் கோமகள் ஆன். பிரான்ஸின் அரசியாக இருந்தபோதும் பிரிட்டானியின் தனித்தன்மையை விட்டுக்கொடுக்காத அவரை அந்த மக்கள் இன்றும் தம் வீட்டுப் பெண்போல் பேசுகிறார்கள்.

ஆனால் தினானின் தலைமகன் பெர்த்ரான் து கெக்லான். ஊருக்கு அருகில் பிறந்த சிறு பிரபு வீட்டுப் பிள்ளை. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று, 1370இல் பிரான்ஸின் படைத்தலைவர் பதவி வரை உயர்ந்தவர். ஆங்கிலேயர் தினானை முற்றுகையிட்ட 1350களில், போர்நிறுத்தம் இருந்தபோதே அவர் தம்பியை கேன்டர்பரி தாமஸ் என்ற ஆங்கில வீரன் பிடித்துவைத்துக்கொண்டான். து கெக்லான் அவனைத் தனிச்சண்டைக்கு அழைத்து, ஊர்ச் சந்தைத் திடலில் எல்லோர் முன்னிலும் வீழ்த்தினார். அந்தத் திடலில் இன்று அவருடைய குதிரைச் சிலை நிற்கிறது. வியாழக்கிழமை தோறும் அதே திடலில் சந்தை கூடுகிறது.

அவர் 1380இல் தெற்கே ஒரு முற்றுகையின்போது இறந்தார். தினானில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். கோடை வெயிலில் உடல் தாங்கவில்லை. வழியில் குடலை லெ புய் நகரிலும், சதையை மோன்ஃபெரானிலும் புதைத்தார்கள். எலும்பை அரசர் தம் குடும்பத்துக் கல்லறைகள் இருக்கும் சேன் தெனியில் வைக்கச் சொன்னார். இதயம் மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. அது இன்று சேன் சொவேர் பேராலயத்தில், சுவரில் பதித்த கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தக் கல்லின் முன் நின்றபோது, கேட்டபடி ஊர் திரும்ப முடியாத எத்தனையோ பேரின் நினைவு வந்தது எனக்கு.

மறுபடி கீழே இறங்குவோம். படகுத்துறையிலிருந்து தெற்கே, முன்பு குதிரைகள் படகிழுத்த கரைப்பாதையில் நடந்தால், பழைய மடாலயத்தோடு லேஓன் என்ற சிற்றூர் வருகிறது. சாயங்கால நடைக்கு அதைவிட நல்ல வழி அந்தப் பக்கத்தில் இல்லை. அங்கிருந்து மேலே ஆறு கால்வாயாகிவிடுகிறது. ஆங்கிலக் கடற்படை கரையை முற்றுகையிட்டிருந்த நெப்போலியன் காலத்தில், பிரிட்டானி முனையைச் சுற்றாமலே வடகரையிலிருந்து தென்கரைக்குச் சரக்குக் கொண்டுபோக வகுத்த திட்டம் அது. கால்வாய் திறந்தது 1832இல். அதற்குள் நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை.

வடக்கே, கடலை நோக்கிப் போனால் ஷாத்தெலியே என்ற இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு இருக்கிறது. அதுவரை நன்னீர், அதற்கப்பால் உப்பு. முன்பு தினான் துறைவரை ஏறிய ஓதத்தை இந்த மதகு தடுத்து நிறுத்தியது. கரையோரத்தில் பழைய ஓத ஆலைகள் சில தெரியும். ஏறும் தண்ணீரைக் குளத்தில் அடைத்து, கடல் இறங்கியபின் திறந்துவிட்டுச் சக்கரம் சுழற்றி மாவரைத்த ஆலைகள் அவை.

அதே யோசனைதான் 20ஆம் நூற்றாண்டில் ஆற்றின் வாயில் பெரிய உருவம் எடுத்தது. 750 மீட்டர் நீள அணை. அதற்குள் தலா 10 மெகாவாட் திறனுள்ள 24 விசையாழிகள். மொத்தம் 240 மெகாவாட். 1966இல் அதிபர் தெகோல் திறந்துவைத்தார். உலகின் முதல் பெரிய ஓத மின்நிலையம் இது. 2011இல் தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் வரும்வரை இதைவிடப் பெரியது எங்கும் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூனிட் மின்சாரம், புகையில்லாமல், அறுபது ஆண்டுகளாக. அணையின் மேலேயே சாலை போகிறது. நடுவில் நின்று கடல்பக்கமும் ஆற்றுப்பக்கமும் மாறிமாறிப் பார்த்தால் இரண்டு நீர்மட்டங்களும் வேறுவேறாக இருப்பது கண்ணுக்கே தெரியும்.

விலை இல்லாமல் இல்லை. அணை கட்டிய காலத்தில் மூன்றாண்டு ஆற்றுவாயைக் கடலிலிருந்து முழுவதும் அடைத்தார்கள். உள்ளே இருந்த கடலுயிர்கள் மடிந்தன. பின்பு உயிர்கள் திரும்பி வந்தன. ஆனால் நீரின் இயல்பான வேகம் குறைந்ததால் மேற்பகுதியில் வண்டல் படிந்துகொண்டே இருக்கிறது. முன்பு மணலாயிருந்த கரைகள் இன்று சேறு. அதை அள்ளி எங்கே கொட்டுவது என்பதே கரையூர்களில் நீண்டகாலப் பேச்சு. தூய மின்சாரத்துக்காக ஓர் ஆற்றை இப்படி மாற்றலாமா என்று கேட்டால், நான் மாற்றலாம் என்பேன். அள்ளும் செலவை மின்சாரக் கணக்கில் சேர்க்க வேண்டும், கரைவாசிகள் தலையில் கட்டக்கூடாது என்றும் சேர்த்தே சொல்வேன்.

அணையைத் தாண்டினால் வலப்பக்கம் சேன் மாலோ. கடலுக்குள் நீட்டிய பாறைமேல், மதிலுக்குள் நெருங்கி நிற்கும் சாம்பல்நிறக் கருங்கல் வீடுகள். பார்ப்பவர் எல்லாம் 17ஆம் நூற்றாண்டு என்று எண்ணுவார்கள். பெரும்பகுதி 1950களில் கட்டியது. 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஜெர்மானியரிடமிருந்து நகரை மீட்டபோது, குண்டும் தீயும் மதிலுக்குள்ளிருந்த கட்டடங்களில் சுமார் 80 சதவீதத்தை அழித்தன. கட்டடக் கலைஞர் லூயி அரெட்ச் தலைமையில் பழைய தெருப்போக்கையும் கூரைச் சரிவையும் கருங்கல்லையும் விடாமல் மீட்டெடுத்தார்கள். பேராலயத்தின் கூம்பு 1970களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. ஜன்னல்களை உற்றுப் பார்த்தால் புதுக்கை தெரியும். பழமைபோல் கட்டியது போலி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீடிழந்த மக்கள் தங்கள் ஊரையே திரும்பக் கேட்டார்கள், அது கிடைத்தது.

இந்தக் கடற்கரைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 13 மீட்டர்வரை போகும் நாட்கள் உண்டு. நம் சென்னைக் கரையில் அது சுமார் ஒரு மீட்டர்தான். பிரெஞ்சு அட்டவணையில் ஒவ்வோர் ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஒரு வலிமை எண் போட்டிருப்பார்கள். நூறைத் தாண்டினால் வேடிக்கை பார்க்கவே வெளியூர்க் கூட்டம் திரளும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது நடக்கும். சீயோன் கடற்கரையில் வரிசை வரிசையாக நட்டிருக்கும் முரட்டு ஓக் கம்பங்கள் அலையின் வேகத்தை உடைக்க. அப்படியும் நுரை மதிலேறிச் சாலையில் விழும்.

நீர் இறங்கியதும் மதிலுக்கு எதிரே கிரான் பே தீவுக்குக் கல்பாதை வெளிப்படும். 1768இல் இவ்வூரில் பிறந்த எழுத்தாளர் ஷத்தோபிரியான் அங்கே, கடலைப் பார்த்து, பெயர் எழுதாத கல்லறையில் கிடக்கிறார். நேரம் பார்க்காமல் நின்றுவிட்டால் பாதை மூழ்கிவிடும். அடுத்த இறக்கம்வரை தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

சேன் மாலோவின் செல்வம் கடலோடிகளும், அரசரின் அனுமதியோடு எதிரிக் கப்பல்களைப் பிடித்தவர்களும் கொண்டுவந்தது. அவர்களில் ஒருவர் சென்னைக்கும் வந்தார். 1699இல் இங்கே பிறந்த லா பூர்தொனே, மொரீஷியஸை ஆண்டு, கப்பற்படை திரட்டி, 1746 செப்டம்பரில் சென்னைப் பட்டணத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுப்பதாக அவர் பேசி முடித்ததைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஏற்கவில்லை. அக்டோபர்ப் புயல் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்தது. இருவருக்கும் இடையே நடந்த பூசலைப் புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நாடு திரும்பிய லா பூர்தொனே பாரிஸின் பாஸ்தில் சிறையில் கிடந்து, 1751இல் விடுதலையாகி, 1753இல் இறந்தார். புதுச்சேரியின் கடற்கரைப் பக்கத்தில் அவர் பெயரிலும், இன்னொரு சேன் மாலோக்காரரான சுர்கூஃப் பெயரிலும் தெருக்கள் உண்டு.

பசித்தவர்கள் கிழக்கே பஸ் பிடித்து கான்காலுக்குப் போகலாம். சிப்பிக்குப் பேர்போன ஊர். துறைமுக முனையில் சில கடைகள், மேலே துணிக்கூரை. விற்பவர் சின்னக் கத்தியை ஓட்டின் இடுக்கில் செருகி ஒரு திருகு திருகுவார். ஒரு நொடியில் திறந்துவிடும். எண் சிறியதானால் சிப்பி பெரியது. பெரும்பாலோர் கேட்பது மூன்றாம் எண். ஒரு தட்டும் ஒரு துண்டு எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு கல்மேடையில் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு, ஓட்டைக் கீழே கரையில் போடுவது அங்கே வழக்கம். கரை முழுக்க வெள்ளை ஓடுகள்.

நான் போனது நீர் நன்றாக இறங்கியிருந்த நேரம். இரும்பு மேசைகளின்மேல் வலைப் பைகளில் சிப்பி வளரும் வயல்கள் கண்ணுக்கெட்டும் தூரம்வரை வெளியே வந்திருந்தன. டிராக்டர்கள் கடற்தரையில் போய்க்கொண்டிருந்தன. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உதறி, புரட்டிப் போட்டார்கள். புரட்டாவிட்டால் சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி வடிவம் கெட்டுவிடும் என்றார் கடைக்கார அம்மா. தன் மகனும் அங்கேதான் இருக்கிறான் என்று கைகாட்டினார். நாளை அவனுக்கு வேலை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த ஓத அட்டவணையில் விரலை வைத்துத் தேடி, "இன்றைக்குத் தொடங்கியதைவிட முக்கால் மணி நேரம் பிந்தி" என்றார்.